மோட்டர் பூட்டும் முன் சைக்கிளைப் பார், தங்கச்சி!

2022 யூன் கடைசியில் தனியார் வாகனங்களுக்குப் பெற்றோல் விற்பதை இலங்கை அரசாங்கம் நிறுத்தியபோது, நாடு முழுக்கச் சைக்கிள்தான் கைகொடுத்தது. இருக்கிற சைக்கிளுக்கே ஒரு மோட்டர் பூட்டினால் என்ன என்ற யோசனை அப்போதுதான் பலருக்கும் வந்தது. உனக்கும் அந்த ஆசை இருந்தால் தயங்காதே. எங்கள் மட்டக்களப்பு வாவியின் இரு கரையும் சமதரை. பாலத்து ஏற்றத்தைத் தவிர வேறு ஏற்றம் இல்லை. சின்ன மோட்டரே தாராளம். சில்லின் நடுவில் மோட்டர் வைப்பதும் புதுசு இல்லை. அமெரிக்காவில் ஒக்டன் போல்டன் என்பவர் 1895 டிசம்பர் 31 இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் சைக்கிள், அடுத்தது பிறேக், அதற்குப் பிறகுதான் மோட்டரும் பற்றரியும்.

1. சைக்கிளைச் சோதி

முன் கவை இரும்பாக இருக்கட்டும். அலுமினியக் கவையில் முன்சில்லு மோட்டர் பூட்டினால் அச்சு இருக்கும் இடம் வெடித்துப் போகலாம். சட்டத்தின் ஒட்டுகளில் துரு, வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார். எங்கள் உப்புக் காற்றில் பெயின்ற்றுக்கு உள்ளேயும் துரு ஓடியிருக்கும். சந்தேகம் வந்தால் அந்தச் சட்டத்தை விட்டுவிடு.

2. பிறேக்கில் காசை மிச்சம் பிடிக்காதே

பழைய சைக்கிள்களின் குறோமியம் பூசிய இரும்பு றிம் மழையில் நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கும். மாரியில் அது ஆபத்து. அலுமினிய றிம்மும் நல்ல பிறேக் கட்டைகளும் போடு. வசதி இருந்தால் டிஸ்க் பிறேக். பிறேக் பிடித்த உடனே மோட்டருக்குக் கரண்டை நிறுத்தும் சுவிச் வைத்த கைபிடிகளும் கிடைக்கும். இரண்டு பக்கமும் அதையே பூட்டு.

3. மோட்டர் சின்னதாக இருக்கட்டும்

36 வோல்ட், 250 வாட்ஸ் மோட்டர் உனக்குப் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண மின்சைக்கிளுக்கு 250 வாட்ஸ்தான் எல்லை. மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் மோட்டரின் உதவி நின்றுவிட வேண்டும். நீயும் அதையே எல்லையாக வை. மின்சார மோட்டர் சைக்கிள் என்றால் பதிவும் சாரதி அனுமதிப்பத்திரமும் வேண்டும். ஆகவே, நீ செய்யப்போவது எந்த வகைக்குள் வரும் என்று சாமான் வாங்கும் முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்.

4. அச்சு சுழலாமல் பிடி

மோட்டர் சில்லை முன்னுக்குத் தள்ளும்போது அச்சு எதிர்ப்பக்கம் கிறுகப் பார்க்கும். நட்டை மட்டும் நம்பினால் கவையின் வாய் அகன்று சில்லு கழன்றுவிடும். அதைத் தடுக்க அச்சை இறுக்கிப் பிடித்துக் கவையோடு சேரும் இரும்புக் கை ஒன்று வேண்டும். பெரும்பாலான மோட்டர் அச்சுகளின் தட்டைப் பக்கம் 10 மில்லிமீற்றர். 10 ஆம் நம்பர் ஸ்பனர் ஒன்றை அளவாக வெட்டி, கவையில் கிளிப் போட்டு இறுக்கித் தருவது வெல்டிங் கடைக்காரருக்குச் சின்ன வேலை. முதல் 50 கிலோமீற்றர் ஓடிய பிறகு அச்சு நட்டுகளையும் சில்லுக் கம்பிகளையும் திரும்ப இறுக்கு.

5. பாதையைக் கணக்குப் பண்ணிப் பற்றரி வாங்கு

வோல்ட்டை அம்பியர்-மணியால் பெருக்கு. 36 வோல்ட், 10 அம்பியர்-மணி என்றால் 360 வாட்-மணி. மிதித்துக்கொண்டே ஓடினால் சமதரையில் கிலோமீற்றருக்கு 10 முதல் 12 வாட்-மணி போகும். 30 கிலோமீற்றர் ஓடலாம். மிதிக்காமல் மோட்டரிலேயே போனால் 20 ஐத் தாண்டுவது கஷ்டம். நகரத்தில் இருந்து வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ 16 கிலோமீற்றர், போய்வர 32. அதற்கு 10 அம்பியர்-மணி காணாது; 15 எடு, அல்லது அங்கே சார்ஜ் போட வழி இருக்கிறதா என்று பார். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் போனால் அது முகத்தில் அடிக்கும். அதற்கும் கொஞ்சம் மிச்சம் வை.

ஈயப் பற்றரி விலை குறைவு. ஆனால் 12 வோல்ட், 12 அம்பியர்-மணிப் பற்றரி மூன்று சேர்த்தால் 12 கிலோ வரும். பாதிக்குமேல் இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். லிதியம் பாரம் குறைவு. அதிலும் இரும்பு பொஸ்பேற் வகைக்குத் தீப்பிடிக்கும் அபாயம் குறைவு.

6. பழைய செல்களோடு விளையாடாதே

பழைய லப்டொப் செல்களைக் கழற்றி ஒட்டிப் பற்றரி செய்யும் வேலை, அதைப் பழகியவர்களுக்கு மட்டும். பழசும் புதுசும் கலந்தால் பலவீனமான செல் சூடேறித் தீப்பிடிக்கலாம். காவல் சேர்க்கிற் உள்ள முழுப் பற்றரியாகவே வாங்கு. சாதாரண 36 வோல்ட் லிதியத்துக்கு 42 வோல்ட்டில் நிற்கும் சார்ஜர். இரும்பு பொஸ்பேற்றுக்கு அதற்குரியது வேறு. மாற்றிப் போடாதே. வெயிலில் நின்று வந்த பற்றரியை ஆறவிட்டுத்தான் சார்ஜ் போடு. படுக்கப் போகும்போது போட்டுவிட்டுத் தூங்காதே. 360 வாட்-மணிப் பற்றரிக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்ற அரை யூனிட் கரண்டுகூடப் போகாது.

7. வளையலைக் கழற்று

வயர் வேலை தொடங்கும் முன் வளையல், மோதிரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றி வை. பற்றரியின் இரண்டு முனையிலும் ஒரு வளையல் பட்டால் அது நொடியில் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும். பற்றரியின் நேர் முனைக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடு. மோட்டருக்குக் கரண்டை அளந்து விடும் கொன்ட்ரோலர் 15 அம்பியர் என்றால் 20 அம்பியர் பியூஸ் சரி. மற்ற எல்லா வயரும் கொடுத்து முடித்த பிறகே பற்றரியைத் தொடு. சில்லைத் தூக்கி நிறுத்தி ஓட்டிப் பார்த்து, அது முன்பக்கம் சுழல்கிறதா என்று உறுதிசெய்த பிறகு இறக்கு.

8. பாரத்தைப் பிரித்து வை

பெண்கள் ஓடும் தாழ்ந்த சட்டத்துச் சைக்கிளில் நடுவில் பற்றரிக்கு இடம் இல்லை. பற்றரி பின் கரியருக்குப் போனால் மோட்டரை முன்சில்லில் பூட்டு, சைக்கிள் ஆடாது. சேலை, பாவாடை, அபாயா, சால்வை எதுவானாலும் பின்சில்லுக்கு வலை போடாமல் ஏறாதே.

9. உப்பும் தண்ணீரும்

கொன்ட்ரோலர் பெட்டிக்குள் வயர் போகும் ஓட்டை அடிப்பக்கம் இருக்கட்டும். பெட்டிக்கு முன் வயரைக் கீழே வளைத்துவிட்டால் மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப்போகும். முகத்துவாரம், கல்லடிக் கடற்கரைப் பக்கம் போய்வந்தால் நல்ல தண்ணீரில் துணியை நனைத்துத் துடை. பைப்பால் பீச்சி அடிக்காதே. வெள்ளம் அச்சளவுக்கு நின்றால் இறங்கி வேறு வழி பார். குருமண்வெளியில் இருந்து மண்டூருக்குப் படகுப் பாதையில் ஏற்றும்போது சுவிச்சை நிறுத்தி உருட்டிக்கொண்டு போ; வேகம் கூட்டும் கைபிடியைத் தவறித் திருகினால் சைக்கிள் பாய்ந்துவிடும்.

10. வீதியில்

இந்தச் சைக்கிள் சத்தம் போடாது. நீ வருவது ஆட்களுக்கும் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது. மணி அடி. இரவில் கட்டாக்காலி மாடுகள் நடுவீதியில் படுத்திருக்கும். நல்ல முன்வெளிச்சமும் சிவப்புப் பின்விளக்கும் இல்லாமல் போகாதே. படுவான்கரையின் உட்கிராமங்களில் யானை நடமாட்டம் உண்டு. பொழுது படும் முன் வீடு சேர். தலைக்கவசம் கட்டாயம்.

தங்கச்சி, ஒட்டு வேலைக்கும் சில்லுக் கம்பி கட்டவும் தெரிந்த ஆட்களைக் கேள். அதில் வெட்கம் இல்லை. ஆனால் எந்த வயர் எங்கே போகிறது, எந்த நட்டு எதைப் பிடிக்கிறது என்பதை மட்டும் பக்கத்தில் நின்று முழுக்கத் தெரிந்துகொள். வழியில் நின்றுபோனால் நீயே திறந்து பார்க்கக்கூடிய வண்டிதான் உன் வண்டி. அப்படி ஒன்றைச் செய். செய்து முடித்ததும் பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கும் சொல்லிக்கொடு.