மரபு வழுவாத ஒரு மெட்டல் இசைத்தொகுப்பு

முன்னோர் வகுத்த இலக்கணத்தினின்றும் சிறிதும் பிறழாது ஒருவன் ஒரு கலைப்பொருளைச் செய்வானாயின், அவனைப் படைப்போன் என்பதா, படியெடுப்போன் என்பதா? பிள்ளைத்தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வினா புதியதன்று. காப்பு முதலாகிய பத்துப் பருவங்களும் ஆண்டு முன்னரே வரையறுக்கப்பட்டவை. அடுத்து வருவது இன்னதென அறிந்தே அவற்றைக் கேட்கின்றோம். அவ்வினாவையே ‘பவர் மெட்டல்’ என்னும் மேனாட்டு இசைவகையில் வைத்து ஈண்டு நோக்குவாம். சான்றாகக் கொள்வது, சுவீடன் நாட்டு ஹேமர்பால் குழுவினர் 1997-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘குளோரி டு தி பிரேவ்’ என்னும் ஆல்பம். ‘வீரர்க்குப் புகழ்’ என்பது அப்பெயரின் பொருள்.

இவ்வகைக்கு அடிகோலியோர் அயர்ன் மெய்டன் முதலிய ஆங்கிலக் குழுவினர். 1987, 1988-ஆம் ஆண்டுகளில் ‘கீப்பர் ஆப் தி செவன் கீஸ்’ என்னும் ஆல்பத்தை இரு பகுதிகளாக வெளியிட்டு அதனை உருவாக்கி நிறுத்தியோர் ஜெர்மனியின் ஹெலோவீன் குழுவினர். தாளம் விரைந்து செல்லும். முரசடிப்போர் இரு கால்களாலும் மாறி மாறி மிதித்துப் பெருமுரசை இடையறாது அதிரச் செய்வர். மின்கித்தார்கள் இரண்டு, ஒரே மெட்டைச் சுருதி வேறுபடுத்தி இணைந்து வாசிக்கும். ஆண்குரல் உச்ச ஸ்தாயியில் தெளிவுறப் பாடும். பல்லவியைப் பலர் கூடி முழங்குவர். பாடுபொருளோ வாளும் போரும் டிராகனும். இடையிடையே மெல்லிய பாட்டு ஒன்றிரண்டு வருவதும் வழக்கே.

இவற்றுள் ஒன்றையேனும் ஹேமர்பால் குழுவினர் கைவிட்டாரல்லர். ஒன்பது பாடல்களுள் முதலாவதே குருதி சோரக் கிடக்கும் டிராகனைப் பற்றியது! எனவே ‘இதில் புதியது யாது?’ எனச் சிலர் வினவுதல் இயல்பே. ஆயின் அவர் எவ்விடத்தில், எக்காலத்தில் பாடினர் என்பதையும் நோக்கல் வேண்டும். அவர்தம் ஊராகிய கோத்தன்பர்க், அந்நாளில் குரலை உறுமலாக்கிப் பாடும் டெத் மெட்டலுக்கே பெயர்பெற்றிருந்தது. 1993-இல் இக்குழுவைத் தோற்றுவித்த ஆஸ்கார் திரோன்யாக்கும், உடனிருந்து பாட்டியற்றிய எஸ்பர் ஸ்திரோம்பிளாடும் அவ்வுறுமல் இசையில் பழகியவர்களே. முதலில் பாடிவந்த மிக்கேல் ஸ்தானே, டார்க் டிராங்குவிலிட்டி என்னும் டெத் மெட்டல் குழுவைச் சார்ந்தவர். 1996-இல் ஒரு போட்டிக்கு அவர் வர இயலாமற்போகவே, யோவாகிம் கான்ஸ் அழைக்கப்பட்டார். அத்தகைய ஊரில் பழைய முறையில் பாடுதல், பெருவழக்கினின்றும் விலகுதலேயாம்.

கான்ஸின் குரல் தெளிவுடையது; ஹெலோவீனின் மைக்கேல் கிஸ்கேக்குள்ள வீச்சு அதற்கில்லை என்பதே எம் கருத்து. குறையென யாம் காண்பது வேறொன்று. இத்தொகுப்பின் போர்களில் பகைவர்க்கு முகமில்லை. வாளோசை கேட்கின்றதேயன்றி வெட்டுண்டான் குரல் கேட்பதில்லை. இக்குறை அவ்வகை முழுமைக்கும் உரியதாயினும், மரபை ஏற்றோர் அதன் குறையையும் ஏற்றோரே.

தொகுப்பின் பெயரைத் தாங்கிய இறுதிப் பாடல் இதற்கு விலக்கு. ஏழு மணித்துளிகட்கு மேல் நீளும் அது மெல்லெனத் தொடங்குகின்றது. விரைவு அடங்கி, மாண்ட வீரர்க்கு இரங்குகின்றது. புறத்திணையில் கையறுநிலை கற்றார்க்கு அதன் இயல்பு எளிதிற் புலனாம். மெல்லிய பாட்டும் அம்மரபினுள் அடங்கியதே என்பதை மறத்தல் கூடாது.

பிறர் பாடலொன்றும் இதனுள் உளது. அமெரிக்காவின் வார்லார்ட் குழுவினர் 1983-இல் வெளியிட்ட ‘சைல்ட் ஆப் தி டாம்ண்ட்’ என்பதனை ஏறத்தாழ உள்ளவாறே பாடியுள்ளனர். பின்னர் 2002-இல் அந்த வார்லார்ட் குழுவே புதிய ஆல்பமொன்று வெளியிட்டபோது, அதில் பாடியவர் யோவாகிம் கான்ஸ்.