நேதாஜியின் கடைசி விமானம்: சான்றுகளை எடைபோடக் கற்பிக்கும் மூன்று பாடவேளைகள்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் இரண்டாம் உலகப்போரையும் இந்திய தேசிய இராணுவத்தையும் நடத்தி முடிக்கும்போது, மதுரைப் பகுதியில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு ஒரு கேள்வி தவறாமல் வரும். "சார், நேதாஜி உண்மையிலேயே விமான விபத்திலதான் இறந்தாரா?" பாடநூலில் ஒரு வரியில் கடந்துபோகும் செய்தி இது. நம் ஊரில் அது ஒரு வரியோடு முடிவதில்லை. மதுரை நகரில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் இன்றும் பல வீடுகளில் குலசாமி படத்துக்கு அருகே அவருடைய படம் மாட்டியிருக்கிறது. 1939-இல் அவர் மதுரைக்கு வந்ததைத் தாத்தா சொல்லக் கேட்ட பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். பார்வர்டு பிளாக் தலைவர் பசும்பொன் உ. முத்துராமலிங்கத் தேவர், நேதாஜி உயிரோடு இருக்கிறார் என்று வெளிப்படையாகவே அறிவித்தவர்.

"அது தேர்வுக்கு வராது" என்று கடந்துவிடலாம். ஆனால் கைப்பேசியில் வரும் எதையும் நம்பும் வயதில் இருக்கும் மாணவருக்குச் சான்றைச் சோதிக்கும் பழக்கத்தைத் தருவதற்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. சில ஆண்டுகளாக இதை மூன்று பாடவேளைகளாக நடத்திவருகிறேன். அந்த முறையை இங்கே பகிர்கிறேன்.

முதல் பாடவேளை: நிகழ்வை வரிசைப்படுத்துதல்

உலகப்படத்தைக் கரும்பலகையில் மாட்டிக்கொள்ள வேண்டும். 1945 ஆகஸ்ட் 15-இல் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. மறுநாள் நேதாஜி சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு பாங்காக் சென்றார். 17-ஆம் தேதி சைகோனை அடைந்தார். அங்கிருந்து கிளம்பவிருந்த ஜப்பானிய இராணுவ விமானத்தில் இந்தியர்களுக்கு இரண்டே இடங்கள்தான் கிடைத்தன. ஒன்றில் நேதாஜி, மற்றொன்றில் கர்னல் ஹபீபுர் ரகுமான். ஆசாத் ஹிந்த் அரசின் பிரசாரத்துறை அமைச்சராக இருந்த தமிழர் எஸ்.ஏ. ஐயர் உள்ளிட்ட மற்றவர்கள் சைகோனிலேயே நின்றுவிட்டார்கள்.

அன்றிரவு விமானம் தூரேன் நகரில் தங்கியது. 18-ஆம் தேதி பிற்பகல், அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்த தைவானின் தைஹோகு நகரில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு மீண்டும் எழும்பியபோது விழுந்து நொறுங்கியது. மஞ்சூரியாவுக்குச் சென்றுகொண்டிருந்த ஜப்பானியத் தளபதி ஷிதேய் அங்கேயே இறந்தார். உடலெங்கும் தீக்காயமடைந்த நேதாஜி, அன்றிரவு இராணுவ மருத்துவமனையில் உயிர் நீத்தார் என்பது உயிர்தப்பியவர்களும் மருத்துவரும் கூறியது. அவருடையது எனப்படும் அஸ்தி டோக்கியோவின் ரெங்கோஜி கோயிலில் இன்றும் இருக்கிறது.

பழைய பெயர்களுக்கு இன்றைய பெயர்களை மாணவர்களே தேடட்டும். சைகோன் இன்றைய ஹோ சி மின் நகரம், தூரேன் இன்றைய தா நாங், தைஹோகு இன்றைய தைபே. ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்கள் இந்த வரைபடப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் பாடவேளை: விமானம் ஏன் விழுந்தது?

இங்கே அறிவியல் ஆசிரியரையும் வகுப்புக்கு அழைத்துக்கொள்வது நல்லது. அந்த விமானம் மிட்சுபிஷி கி-21. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்கள் கொண்ட குண்டுவீச்சு விமானம். 1930-களில் வடிவமைக்கப்பட்டு, போரின் முடிவில் ஆட்களை ஏற்றிச்செல்லவும் பயன்பட்டது. பயணிகளுக்கென்று அமைந்த இருக்கைகள் அதில் இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று பேர் தரையிலும் சாமான்களுக்கு இடையிலும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நேதாஜிக்குக் கிடைத்தது பெட்ரோல் தொட்டியை ஒட்டிய இடம். பாரம் அதிகம் என்பதால் தூரேனில் இயந்திரத் துப்பாக்கிகளைக் கழற்றி இறக்கினார்கள். தைஹோகுவில் இடது எஞ்சின் அதிர்வதைத் தரைப்பணியாளர் கவனித்துச் சரிசெய்ததாகச் சாட்சியம் இருக்கிறது. எழும்பிய சிறிது நேரத்தில் பெருஞ்சத்தத்துடன் இடது எஞ்சினும் அதன் சுழலியும் பிரிந்து விழுந்தன.

பத்தாம் வகுப்பு இயக்க விதிகள் பாடத்தில் வரும் விசையின் திருப்புத்திறனை இங்கே பொருத்திக் காட்டலாம். 30 செ.மீ. அளவுகோலை மேசையில் கிடத்தி, இரு முனைகளிலும் நூல் கட்டி ஒரே சீராக இழுத்தால் நேராக நகரும். ஒரு நூலை விட்டுவிட்டால் அளவுகோல் சுழன்று திரும்பும். ஒரு பக்க எஞ்சின் போனால் விமானத்துக்கும் இதுவே நேர்கிறது. போதிய வேகத்தில் பறந்துகொண்டிருந்தால் வால்பகுதித் திசைமாற்றியைக் கொண்டு விமானி சமாளிக்கலாம். அந்தத் திசைமாற்றியில் பிறக்கும் விசை காற்றின் வேகத்தைப் பொறுத்தது. எழும்பும் கட்டத்தில் வேகமும் குறைவு, உயரமும் குறைவு, தொட்டியோ நிரம்பியிருக்கிறது. சமாளிக்க நேரமே இல்லை.

ஒப்பிட்டுக் காட்ட எதிர்த்தரப்பு நிகழ்வு ஒன்று உண்டு. இந்திய தேசிய இராணுவம் இம்பால் களத்தில் நின்ற அதே 1944 மார்ச்சில், 24-ஆம் தேதி, பிரிட்டிஷ் தளபதி ஆர்டு விங்கேட் சென்ற பி-25 என்னும் இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம் மணிப்பூர் மலைகளில் மோதியது. யாரும் பிழைக்கவில்லை. உடல்களைத் தனித்தனியே அடையாளம் காண முடியாததால், பிற்பாடு எல்லோரையும் அமெரிக்காவின் ஆர்லிங்டன் கல்லறையில் ஒன்றாகவே அடக்கம் செய்தார்கள். போர்க்கால விமானங்களில் பெரிய தலைவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள், அவர்களுடைய உடல் சொந்த மண்ணுக்குத் திரும்பாமலும் போயிருக்கிறது என்பது மாணவருக்குப் புரியும்.

மூன்றாம் பாடவேளை: யார் சொன்னது, எப்படித் தெரியும்?

இதுவே பாடத்தின் உயிர். வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு சான்று அட்டை கொடுக்கிறேன்.

1. ஹபீபுர் ரகுமான்: விமானத்தில் உடனிருந்து, தீக்காயத்துடன் தப்பியவர்.
2. மருத்துவர் யோஷிமி: மருத்துவமனையில் சிகிச்சை அளித்ததாகச் சாட்சி சொன்னவர்.
3. எஸ்.ஏ. ஐயர்: சைகோனில் விமானம் புறப்பட்டதைப் பார்த்தவர்.
4. முத்துராமலிங்கத் தேவர்: விபத்துச் செய்தியை ஏற்காதவர். 1956-இல் விசாரணைக் குழுவின் முன் அழைக்கப்பட்டபோது, போர்க்குற்றவாளிகள் பட்டியலில் நேதாஜியின் பெயர் இருக்கிறதா என்று அரசு தெளிவுபடுத்த வேண்டும் எனக் கேட்டவர்.
5. விசாரணை அறிக்கைகள்: 1956-இன் ஷா நவாஸ் குழுவும் 1974-இன் கோஸ்லா ஆணையமும் விபத்தில் இறந்தார் என்றன. ஷா நவாஸ் குழுவில் இருந்த நேதாஜியின் அண்ணன் சுரேஷ் சந்திர போஸ் கையெழுத்திட மறுத்தார். 2005-இல் முகர்ஜி ஆணையம் விபத்தில் இறக்கவில்லை என்றது; மத்திய அரசு அதை ஏற்கவில்லை.

ஒவ்வொரு குழுவும் நான்கு கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். இவர் நேரில் பார்த்தாரா? எத்தனை நாள் கழித்துச் சொன்னார்? இப்படிச் சொல்வதில் இவருக்கு ஏதும் விருப்பம் இருந்திருக்குமா? மற்றவர் சொன்னதோடு ஒத்துப்போகிறதா?

மூன்றாம் அட்டையில் மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறுவார்கள். ஐயர் நேதாஜிக்கு நெருக்கமானவர், ஆகவே அவர் சாட்சியே வலுவானது என்று எழுதுவார்கள். அவர் பார்த்தது புறப்பாட்டை மட்டுமே. நெருக்கம் வேறு, நேரில் கண்டது வேறு. இந்த வேறுபாடு பிடிபட்டால் பாடம் பாதி வெற்றி.

ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "அப்ப எங்க தாத்தா பொய் சொல்றாராம்மா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இருந்தது. வகுப்பே அமைதியானது. "இல்லம்மா. தாத்தா சொல்றதும் ஒரு சான்றுதான். தைஹோகுவில் என்ன நடந்ததுங்கறதுக்கு இல்ல, நம்ம ஊர் சனங்க அவர எவ்வளவு நேசிச்சாங்கங்கறதுக்கு" என்றேன். மறுநாள் அவள் தாத்தாவிடம் கேட்டு இரண்டு பக்கம் எழுதி வந்தாள். எந்த ஆண்டு கேள்விப்பட்டார், யார் சொன்னார், ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று வரிசையாக. வாய்மொழி வரலாற்றை அவளுக்கு நான் தனியாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

மாணவர்கள் என் கருத்தைக் கேட்டால் மறைப்பதில்லை. உடனிருந்தவரும் சிகிச்சை அளித்தவரும் கூறியவை அடிப்படையில் ஒத்துப்போவதால் விபத்து என்பதே வலுவான முடிவு, பெரும்பாலான வரலாற்று ஆய்வாளர்களும் நேதாஜியின் மகள் அனிதாவும் அதையே ஏற்கிறார்கள் என்று சொல்வேன். விமானத்தில் இருந்தோர் எண்ணிக்கை போன்ற சிறு விவரங்களில் சாட்சிகள் மாறுபடுவதையும் சொல்வேன். அஸ்தியை மரபணுச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்று அனிதா கேட்டுவருகிறார். சான்று மாறினால் முடிவும் மாறும் என்பதை மாணவர் உணர இது ஒன்றே போதும்.

மதிப்பீடு

"நேதாஜி விபத்தில் இறந்தாரா?" என்று ஆம், இல்லை விடை கேட்க வேண்டாம். "ஐந்து சான்றுகளில் வலுவானது எது? ஏன்? உங்கள் முடிவை மாற்ற எந்தப் புதிய சான்று தேவை?" என்று கேளுங்கள். முடிவுக்கு மதிப்பெண் வேண்டாம், காரணத்துக்குக் கொடுங்கள். விபத்தை ஏற்காத மாணவரும் நல்ல காரணம் காட்டினால் முழு மதிப்பெண் பெறலாம்.

இதைக் கற்பிக்கத் தயங்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று: பெற்றோர் சண்டைக்கு வருவார்களோ என்ற அச்சம் இயல்பானது. பாடத்தைத் தொடங்கும் முன்பே, நேதாஜியின் தியாகம் விவாதப்பொருள் அல்ல, அவருடைய கடைசிப் பயணம் பற்றிய சான்றுகளே விவாதப்பொருள் என்று வகுப்பில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து அவர் பின்னே சென்ற தமிழர்களைப் பற்றியும் பத்து நிமிடம் பேசுங்கள். மரியாதை குறையாமல் கேள்வி கேட்க முடியும் என்பதைப் பிள்ளைகள் நம்மிடம்தான் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.