பாவு பிணைப்பு

தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பாத்திரங்களை வைத்து நாவல் எழுதித் தர முடியுமா என்று ஒரு பதிப்பகத்திலிருந்து போன் வந்தபோது, ஆர்.கே.பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்தில் இரண்டு முறை கேட்டுத்தான் விஷயம் புரிந்தது. சரி என்றேன். இதுவரை அப்படி மூன்று நாவல்கள் எழுதிவிட்டேன்.

இந்த வேலைக்கு எனக்குத் தெரிந்த நல்ல பாடம் தறியில்தான் இருக்கிறது. பழைய பாவு முடியும் தறுவாயில், அச்சிலும் விழுதிலும் நிற்கிற இழை நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்குவார்கள். பெரியம்மா விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு நாள் முழுக்க அதைச் செய்வார். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று இடம் மாறினாலும் துணியில் தெரிந்துவிடும்.

நான் முதல் நாவலிலேயே மாற்றிப் பிணைத்தேன். நாயகிக்குப் பத்து வயதில் அப்பா இறந்ததாக எழுதி, அந்தத் துக்கத்தின் மேலேயே கதையைக் கட்டியிருந்தேன். ஆனால் தொடரின் ஆரம்ப வாரங்களில் நாயகியின் மஞ்சள் நீராட்டுக் காட்சி ஒன்று. கூட்டத்தின் பின்வரிசையில் அப்பா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஐந்து நொடிகூட இருக்காது. தயாரிப்புக் குழுவில் ஒருவர் அதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். நாற்பது பக்கங்கள் போயின. அன்றிலிருந்து ஒரு நீளக் கணக்கு நோட்டு வைத்திருக்கிறேன். யாருக்கு என்ன வயது, வீட்டு வாசல் எந்தப் பக்கம், யார் யாரை 'அத்தை' என்கிறார், யார் 'அம்மா' என்கிறார் என்று எல்லாம் அதில் ஏறும். முறைப்பெயர் பிசகினால் நம் வாசகர் மன்னிக்க மாட்டார். அது நியாயம்தான்.

முகத்தை வர்ணிக்காதீர்கள். இதை நான் கல்கியின் 'தியாக பூமி'யை வைத்துப் புரிந்துகொண்டேன். கே. சுப்ரமணியம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தபோதே ஆனந்த விகடனில் கதை தொடராக வந்தது. ஓவியங்கள் இருக்கவேண்டிய இடத்தில் படத்தின் புகைப்படங்கள். 1939-இல் படம் வெளியாவதற்கு முன்பே சம்பு சாஸ்திரிக்குப் பாபநாசம் சிவனின் முகம் வாசகர் மனதில் பதிந்துவிட்டது. முகம் ஏற்கெனவே இருக்கிறது என்றால், எழுத்து செய்யவேண்டியது கேமரா போகாத இடத்துக்குப் போவது. சண்டை முடிந்து எல்லோரும் படுக்கப் போன பிறகு மாமியார் அடுப்படியில் தனியாக என்ன நினைத்தாள்? அங்கேதான் நமக்கு இடம். திரையில் பேசிய வசனத்தையே திரும்ப எழுதினால் யாரும் படிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது நாவலில், வாரம் தவறாமல் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும் பெயரில்லாத சமையல்காரப் பெண்ணுக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுத்தேன். அவளைப் பற்றி எழுத யாரிடமும் தடை வரவில்லை. பெரிய பாத்திரங்களின் கையும் காலும் கட்டப்பட்டிருக்கும். சின்னப் பாத்திரங்களிடம் போங்கள். இல்லையென்றால் காலத்தில் பின்னால் போங்கள். ஆனந்த் நீலகண்டன் ஆங்கிலத்தில் எழுதிய பாகுபலி நாவல் வரிசை, 2017-இல் சிவகாமியின் இளமைக்காலத்திலிருந்து தொடங்கியது. படம் தொடாத காலம் அது. ஆனாலும் அவள் ஒருநாள் மகிழ்மதியின் ராணியாகியே தீரவேண்டும், கட்டப்பா உயிரோடு இருந்தாக வேண்டும். அந்த நுனிகள் தறியில் காத்திருக்கின்றன. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூரில் தெலுங்கிலும் இந்தப் பக்கம் தமிழிலும் அந்தப் படத்தை மாறி மாறிப் பார்த்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதில் ஒரு இழை தப்பினாலும் தெரியும்.

பணம் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். இது கூலி நெசவு மாதிரி. நூலும் டிசைனும் முதலாளியுடையவை. அதனாலேயே ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 19-ஆம் பிரிவுப்படி உரிமையை எழுத்தில்தான் மாற்றித் தர முடியும். எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். முதல் ஒப்பந்தத்தில் எதையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். எழுதிய காலத்தைவிட ஒப்புதலுக்குக் காத்திருந்த காலம் அதிகம். பணம் அதற்கும் பிறகுதான் வந்தது. இப்போது பாதித் தொகை முன்பணம், இத்தனை நாளுக்குள் பதில் என்று இரண்டையும் எழுதி வாங்குகிறேன்.

பெயரையும் கேளுங்கள். 'ஸ்டார் வார்ஸ்' நாவல் 1976-இல், படத்துக்கும் முன்பே, வந்தது. எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். அட்டையில் இருந்தது ஜார்ஜ் லூகாஸின் பெயர். என் முதல் புத்தகத்தில் என் பெயர் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. மூன்றாவதில் கேட்டு வாங்கி முன்னட்டையில் போடவைத்தேன். அதைப் பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. அட்டையை விரலால் தடவிப் பார்த்தார்.

"எத்தினி நாளாச்சு?"

"ஏழு வாரம், பெரிம்மா."