ஊர் எழுத்தாளர் வட்டமும் மாதக் கூட்டமும்

ஓர் ஊரின் செல்வம் யாதென்று கேட்டால் நிலம், நீர், கால்நடை, மரம் என்று கணக்கிட்டுச் சொல்வோம். இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க செல்வம் மற்றொன்றும் உண்டு. அது ஊராரின் பட்டறிவு. மழை குறைந்த ஆண்டில் எந்த மதகை முதலில் திறப்பது, எந்த வயலுக்கு எந்த நெல் ஒத்து வரும், மாட்டுக்கு வயிறு உப்பினால் முன்னாளில் என்ன கைவைத்தியம் செய்தார்கள் என்பன போன்ற செய்திகளுள் பல எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. முதியோர் நெஞ்சிலேயே இருக்கின்றன. ஏரி நீரைப் பங்கிட்டு விடும் பணியாளரை நீர்க்கட்டி என்றும் மடையர் என்றும் நீராணி என்றும் ஊருக்கு ஒரு பெயரால் அழைப்பது வழக்கம். அவர் கண் மூடும்போது அவரோடு ஏரியின் நீர்முறையும் மறைந்து போகுமானால், அந்த இழப்பு அவர் குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. ஊர் முழுவதற்கும் உரியது.

இவ்விழப்பைத் தடுக்க வல்லது எழுத்து. எழுதும் ஆர்வம் தனி ஒருவரிடம் தோன்றினாலும், பலர் கூடியிருந்து படித்தும் கேட்டும் திருத்தியும் வரும்போதுதான் அது வேரூன்றுகிறது. ஆகவே, ஊர்தோறும் எழுத்தாளர் வட்டம் ஒன்று அமைந்து மாதம் ஒரு முறை கூடுதல் நன்று. அக்கூட்டத்தை நடத்தும் முறையையும், அதற்கு விருந்தினரை அழைத்துப் பயன்பெறும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

முன்னோர் காட்டிய வழி

இவ்வகைக் கூட்டம் நமக்குப் புதிதன்று. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் 1920-களில் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையிலுள்ள தம் இல்லத்தில் ஞாயிறு மாலைகளில் அன்பர்களைக் கூட்டிப் பாடல்களைச் சுவைத்து உரையாடி வந்தார். அக்கூட்டத்துக்கு 'வட்டத்தொட்டி' என்று பெயர். மேடையும் மாலையும் இன்றி, வட்டமாக அமர்ந்து மனம் விட்டுப் பேசுவதே அதன் சிறப்பு. 1954-இல் டி.கே.சி. மறைந்த பின்னரும் அதன் புகழ் தமிழகத்தில் நிலைத்து நிற்கிறது.

சென்னையில் 1970-இல் தொடங்கப்பெற்ற 'இலக்கியச் சிந்தனை' என்னும் அமைப்பு மாதக் கூட்டத்துக்கு மற்றொரு முன்மாதிரி. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை என்று நாளைக் குறித்துக்கொண்டு, இதழ்களில் வெளிவந்த சிறுகதைகளைப் படித்து, அவற்றுள் ஒன்றைச் சிறந்ததெனக் காரணத்தோடு தேர்ந்தெடுத்தனர். இவ்வாறு ஆண்டுக்குப் பன்னிரண்டு கதைகள் சேர்ந்து நூலாக வெளிவந்தன. குறித்த நாள், குறித்த வேலை, ஆண்டு முடிவில் கையில் ஒரு பயன் என்னும் மூன்றும் கருதத்தக்கவை.

கோயிற்பட்டியை அடுத்த இடைசெவல் ஒரு கரிசல் காட்டுச் சிற்றூர். அவ்வூரில் தோன்றிய கு. அழகிரிசாமிக்கு அவர் மறைந்த 1970-ஆம் ஆண்டிலும், கி. ராஜநாராயணனுக்கு 1991-லும் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. கி. ராஜநாராயணன் விவசாயி; பள்ளிப் படிப்பை முடிக்காதவர். தம் வட்டாரத்து மக்கள் வழங்கிய சொற்களைத் திரட்டி அகராதியாக்கினார். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியராகவும் விளங்கினார். ஏர் பிடித்த கை எழுதுகோல் பிடிக்கலாகாது என்று எண்ணுவோர்க்கு இவர் வாழ்க்கையே மறுமொழி.

உறுப்பினர், இடம், நாள்

கதையும் கவிதையும் எழுதுவோர் மட்டுமே எழுத்தாளர் என்று கொள்ள வேண்டுவதில்லை. கிணறு வெட்டிய கதையை எழுதும் உழவரும், நாற்று நடும்போது பாடும் பாட்டை எழுதி வைக்கும் பெண்ணும், ஊர்ப் பள்ளியின் வரலாற்றை எழுதும் ஆசிரியரும் இவ்வட்டத்துக்கு உரியவரே. எழுதப் படிக்க அறியாத முதியவர் சொல்ல, இளைஞர் ஒருவர் எழுதலாம். இன்று கைப்பேசியில் குரலைப் பதிந்துகொண்டு, பிறகு கேட்டு எழுதுவதும் எளிது. ஆனால் சொன்னவர் இசைவு பெற்று, அவர் பெயரையும் எழுத்தில் குறிப்பிடுதல் கடமையாகும். ஏழெட்டுப் பேர் இருந்தால் வட்டத்தைத் தொடங்கிவிடலாம்.

ஊரிலுள்ள எல்லோரும் தயக்கமின்றிக் கால் வைக்கக்கூடிய இடத்திலேயே கூட்டம் கூட வேண்டும். ஒரு தெருவாருக்கு மட்டும் உரிய இடத்தில் கூடினால், அழைப்பு எல்லோருக்கும் சென்றாலும் ஊரின் ஒரு பகுதி வெளியே நின்றுவிடும். நூலகமோ, பள்ளியோ, சமுதாயக் கூடமோ பொருத்தம். 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ்க் கிராமப் பஞ்சாயத்துகளில் எழுப்பப்பெற்ற நூலகக் கட்டடங்களை இதற்குப் பயன்படுத்தலாம். எல்லோரும் ஒரே பாயில், வட்டமாக அமர்வது நன்று.

நாள் மாறாதிருத்தல் வேண்டும். பௌர்ணமி என்றோ, மாதத்தின் இரண்டாம் ஞாயிறு என்றோ குறித்துவிட்டால் அழைப்பிதழ் இன்றியே நினைவில் நிற்கும். சந்தை நாளையும் ஊர்த் திருவிழாவையும் விலக்குக. பெண்களின் அடுக்களை வேலைக்கும் பால் கறக்கும் வேளைக்கும் இடையூறு இல்லாத நேரத்தை அவர்களையே கேட்டுக் குறிப்பது முறை. ஆண்கள் மட்டும் நேரத்தைக் குறித்துவிட்டுப் பெண்கள் வரவில்லையே என வருந்துவதில் பயனில்லை.

கூட்டத்தின் ஒழுங்கு

இரண்டு மணி நேரம் போதும். சென்ற கூட்டத்தின் குறிப்பைப் படிக்க 10 நிமிடம். உறுப்பினர் எழுத்துகளைப் படித்து ஆராய 50 நிமிடம். விருந்தினர் உரைக்கு 30 நிமிடம். வினா விடைக்கு 20 நிமிடம். அடுத்த மாதம் யார் எதை எழுதுவது என்று முடிவு செய்ய 10 நிமிடம். உறுப்பினர் எழுத்து முதலிலும் விருந்தினர் உரை பின்னரும் வருவதைக் கவனிக்க. இவ்வரிசையை மாற்றினால், பேச்சு நீண்டு, உறுப்பினர் எழுத்துக்கு நேரமின்றிப் போகும்.

படித்ததைக் கேட்டவுடன் "நன்று" என்று கை தட்டுவது எழுதியவருக்கு மகிழ்ச்சி தரும், உதவி தராது. சான்றாக, ஓர் உறுப்பினர் இவ்வாறு எழுதி வந்தார் என்று கொள்வோம்: "எங்கள் ஏரி மிகவும் அழகானது. அதனால் மக்கள் பெரும்பயன் அடைகின்றனர்." இது எந்த ஊர் ஏரிக்கும் பொருந்தும். கேட்போர் அவரை வினவ வேண்டும்: மதகுகள் எத்தனை? எது ஆழமானது? நீர் குறைந்தால் என்ன செய்வீர்கள்? அடுத்த மாதம் அவர் இவ்வாறு எழுதி வரக்கூடும்: "எங்கள் ஏரிக்கு மூன்று மதகுகள். மற்ற இரண்டும் வறண்ட பின்னும் நடு மதகில் நீர் பாயும். ஐப்பசி மழை பொய்த்த ஆண்டில் நடு மதகுப் பாசனத்தில் மட்டும் நெல் நடுவோம். ஏனைய வயல்களில் உளுந்தோ கேழ்வரகோ விதைப்போம்." முன்னது வெறும் புகழ்ச்சி, பின்னது ஊருக்கு உதவும் ஆவணம். இந்த மாற்றத்தை உண்டாக்கியவை கேட்டவர்களின் வினாக்கள் என்பதை உணர வேண்டும்.

குறை கூறுவோர் எழுத்தைப் பற்றியே பேச வேண்டும், எழுதியவரைப் பற்றியன்று. ஊரிலுள்ள ஒருவரை இழிவுபடுத்தும் எழுத்துக்கு இடம் தரலாகாது. அதே வேளையில், ஊரில் நடக்கும் தவறு ஒன்றைப் பெயர் சுட்டாமல் எடுத்துரைப்பதைத் தடுத்தலும் ஆகாது. நல்லதை மட்டுமே எழுத வேண்டுமென்றால் எழுத்தில் உண்மை நில்லாது.

விருந்தினரும் வட்டமும்

வெளியூர் அறிஞர் ஒருவர் வந்து பேசினால் கூட்டம் பெருகும், ஊக்கமும் பிறக்கும். எனினும் இதில் ஓர் இடர் உண்டு. மாதந்தோறும் விருந்தினரையே நம்பியிருக்கும் வட்டத்தில் உறுப்பினர் எழுதுவதை நிறுத்திக் கேட்பவராகி விடுவர். விருந்தினர் வாராத மாதத்தில் கூட்டமும் நின்றுவிடும். ஆகவே, மூன்று மாதங்களுக்கு ஒரு முறை வெளியூர் விருந்தினரை அழைத்தால் போதுமானது.

அழைப்புக் கடிதம் ஒரு மாதம் முன்னதாகவே செல்ல வேண்டும். பேச வேண்டிய பொருள், நேரம், வருவோர் எத்தகையவர், எந்தப் பேருந்தில் வந்து எதில் திரும்பலாம் என்பன அதில் தெளிவாக இருத்தல் வேண்டும். உறுப்பினர் எழுதியவற்றுள் இரண்டினைக் கடிதத்தோடு அனுப்பி, அவற்றைப் பற்றிக் கருத்துரைக்குமாறு வேண்டிக்கொள்வது மிகவும் பயன் தரும். "இலக்கியத்தின் சிறப்பு" என்று பொதுவாகப் பேசச் சொல்வதினும், "இக்கட்டுரையைத் திருத்துவது எவ்வாறு" என்று கேட்பது மேல். பொன்னாடைக்குச் செலவிடும் பணத்தை வழிச்செலவாகக் கொடுப்பதே விருந்தினருக்குச் செய்யும் உண்மையான மரியாதை. வரவேற்புரையும் அறிமுகமும் ஐந்து நிமிடத்துக்கு மிகாதிருக்கட்டும்.

மற்ற மாதங்களில் உள்ளூராரே விருந்தினராகலாம். தெருக்கூத்துக் கலைஞர் வேடம் கட்டும் முறையைச் சொல்லட்டும். கிராம நிர்வாக அலுவலர் நத்தம், புறம்போக்கு, நஞ்சை, புஞ்சை என்னும் சொற்களை விளக்கட்டும். தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த மூதாட்டியை அழைத்து, முன்னிருக்கையில் அமர்த்திக் கேட்கலாம். தம் சொல்லுக்கு ஊர் செவி சாய்ப்பதைக் காணும் முதியவர், அதுவரை சொல்லாதவற்றையும் சொல்ல முன்வருவர்.

பதிவேடும் பஞ்சாயத்தின் பங்கும்

கிராம சபைக் கூட்டத்துக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதைப் போலவே, இவ்வட்டத்துக்கும் ஒரு குறிப்பேடு வேண்டும். வந்தவர் பெயர், படிக்கப்பெற்ற எழுத்துகள், எழுந்த வினாக்கள், அடுத்த மாதப் பொறுப்பு ஆகியவை அதில் ஏற வேண்டும். திருத்தி முடித்த ஒவ்வோர் எழுத்தின் படியையும் நூலகத்தில் வைக்க வேண்டும். உறுப்பினர் தரும் சிறு சந்தாவின் வரவு செலவைக் கூட்டத்திலேயே படித்துக் காட்டினால் ஐயத்துக்கு இடமிராது.

1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் வழியே, மக்கள் செலுத்தும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து வருகிறது. நூலகம் மக்கள் பொருளால் நடப்பது; அதனை மக்கள் பயன்படுத்த வழி செய்தல் பஞ்சாயத்து உறுப்பினர்க்கு அழகு. இடமும் விளக்கும் குடிநீரும் தந்து உதவுக. தலைமை தாங்க வேண்டும் என்று விழையாமல், மற்றவரைப் போலப் பாயில் அமர்ந்து கேட்டால், ஊரைப் பற்றி அலுவலகத்தில் அறிய முடியாத பலவற்றை உறுப்பினர்கள் அறிவார்கள். ஏரியைத் தூர் வாரவும் வாய்க்காலைச் செப்பனிடவும் திட்டம் தீட்டும்போது, நீர்முறையைப் பற்றி எழுதி வைத்த பத்துப் பக்கம் பெருந்துணை புரியும்.

வட்டம் வளர்கிறதா என்பதை வந்த கூட்டத்தைக் கொண்டோ, விருந்தினரின் புகழைக் கொண்டோ அளக்கலாகாது. ஆண்டு முடிவில் ஊரார் கையால் எழுதப்பெற்ற பக்கங்கள் எத்தனை என்பதே உரைகல். ஆளுக்கு ஆண்டுக்கு நான்கு பக்கம் வீதம் பத்துப் பேர் எழுதினால் நாற்பது பக்கம் சேரும். ஐந்தாண்டில் அது இருநூறு பக்க ஊர் நூலாகும். வரும் மாதமே நாளைக் குறியுங்கள். ஊரில் வயதில் மூத்த உழவர் ஒருவரை முதல் விருந்தினராக அழையுங்கள். அவர் சொல்வதை எழுதத் தொடங்குங்கள்.