குரலும் ஒரு முதல்

வியாபாரத்திற்குப் பணம் வேண்டும், சரக்கு வேண்டும், நல்ல இடமும் வேண்டும். இவற்றை நாம் ஏட்டில் எழுதிக் கணக்கு வைக்கிறோம். ஆனால், காலையில் கடை திறந்தது முதல் இரவு பூட்டும் வரை ஓயாது உழைக்கும் ஒரு முதலை நாம் எந்த ஏட்டிலும் எழுதுவதில்லை. அதுவே நம் குரல்.

நம் முன்னோருக்குக் குரல்தான் விளம்பரப் பலகை. பினாங்கில் தோளில் காவுதடி தாங்கிச் சோறு விற்றவர்களும், சிங்கப்பூரில் 1989-இல் மூடப்பட்ட பழைய சேஞ்ச் அல்லிச் சந்தில் கப்பல்காரர்களை அழைத்து நாணயம் மாற்றிக் கொடுத்தவர்களும் வாய்ச்சொல்லை நம்பியே பிழைத்தார்கள். இன்று பெயர்ப்பலகையும் மின்விளக்கும் வந்துவிட்டன. ஆயினும் விலை சொல்வதும், பேரம் முடிப்பதும், பாக்கி கேட்பதும் இன்னும் குரலால்தானே நடக்கின்றன?

உரத்த குரலும் தெளிந்த குரலும்

உரக்கப் பேசினால் கிராக்கி வரும் என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். இது சரியன்று. நம் குரல்வளைக்குள் இரண்டு சிறு மடிப்புகள் உள்ளன. நுரையீரலிலிருந்து மேலே வரும் காற்று அவற்றை அதிரச் செய்வதால் ஓசை பிறக்கிறது. ஆண்கள் பேசும்போது அவை நொடிக்குச் சுமார் 100 முறைக்கு மேலும், பெண்கள் பேசும்போது சுமார் 200 முறையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. கத்தும்போது மோதல் கடுமையாகிறது. மண்வெட்டி பிடித்த கை காய்த்துப் போவது போல, நாள்தோறும் கத்துகிறவர்களின் குரல் மடிப்புகளும் வீங்கிக் காய்த்துப் போகலாம். பிறகு குரல் கம்மிவிடும்.

இரைச்சல் மிகுந்த இடத்தில் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான். பிரெஞ்சு மருத்துவர் லொம்பார் 1911-இல் இதனை எடுத்துக் காட்டினார். ஆகவே, கடையில் வானொலியை அலறவிட்டு அதற்கு மேல் நாம் அலறுவது வீண் வேலை. வானொலியைக் குறைத்து, வாடிக்கைக்காரரின் அருகே சென்று, முகம் பார்த்துப் பேசுவதே நலம். காது மந்தமான முதியவரிடமும் கத்த வேண்டியதில்லை. சொற்களை நிறுத்தி நிதானமாகச் சொன்னால் போதும்.

எண்ணைத் தெளிவாகச் சொல்க

வியாபாரப் பேச்சில் எண்ணே உயிர். தமிழில் எழுபதும் எண்பதும், ஆங்கிலத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் எளிதில் மயங்கும். மலாயில் லீமா பெலாஸ் என்றால் 15. லீமா பூலோ என்றால் 50. சொல்லின் கடைசியை விழுங்கினால் 15 மூட்டை கேட்டவருக்கு 50 மூட்டை போய் இறங்கும். அந்த லாரிக் கூலி யார் தலையில் விழும்?

மலாயில் நமக்கு வேறொரு சிக்கலும் உண்டு. தமிழில் ஒரே எழுத்து இரண்டு ஒலிகளுக்கு நிற்கிறது. ‘துவா’ என்பதை ‘துணி’யில் வரும் ‘து’வைப் போல ஒலித்தால் முதுமை என்று பொருள், ‘பந்து’வில் வரும் ‘து’வைப் போல ஒலித்தால் இரண்டு என்று பொருள். ‘பாகி’ என்பதும் அவ்வாறே. ‘பால்’ போலத் தொடங்கினால் காலை நேரம். ‘கம்பம்’ என்பதன் நடுவிலுள்ள ‘ப’வைப் போலத் தொடங்கினால் கொடு என்று பொருள். ஊரிலிருந்து புதிதாக வந்த கடைச் சிப்பந்திகளுக்கு இதனை முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்பது முதலாளியின் கடமை.

தொலைபேசியில் இன்னும் கவனம் தேவை. ஒலியின் நுட்பமான பகுதிகளைத் தொலைபேசி முழுவதும் கடத்துவதில்லை. எனவே, “ஐம்பது, ஐந்து, பூஜ்யம்” என்று இலக்கம் இலக்கமாகவும் சொல்லி, எதிரில் இருப்பவரைத் திரும்பச் சொல்லச் செய்து கேட்டுக்கொள்ள வேண்டும்.

குரலைக் காப்பது எப்படி?

அடிக்கடி தண்ணீர் பருகுக. குடிக்கும் நீர் குரல் மடிப்புகளின் மேல் நேராகப் படுவதில்லை. உடலில் சேர்ந்த பிறகே அவற்றை ஈரமாக்குகிறது. ஆகையால், தொண்டை வறண்ட பிறகு ஒரு குவளை குடிப்பதைவிட நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் குடிப்பது நன்று. ஓயாமல் செருமும் பழக்கத்தை விடுக. செருமும்போது மடிப்புகள் பலமாக மோதுகின்றன. குரல் கம்மியிருக்கும்போது கிசுகிசுத்துப் பேசுவதும் ஓய்வாகாது, பேசாதிருப்பதே ஓய்வு.

இரவு பத்து மணிக்குக் கடை பூட்டி, வயிறு நிறைய உண்டு, உடனே படுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அப்போது வயிற்றுப் புளிப்பு மேலேறித் தொண்டையைப் புண்ணாக்கும். உணவிற்கும் உறக்கத்திற்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரமாவது விடுதல் வேண்டும். புகைப்பதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? குரல்வளைப் புற்றுக்கு அது முதன்மையான காரணம்.

நோன்பு மாதத்தில் நம் குரலுக்குப் பெருஞ்சோதனை வருகிறது. கேலாங் சிராயிலும் மஸ்ஜித் இந்தியா சாலையிலும் பெருநாள் வியாபாரம் உச்சத்தில் இருக்கும் அதே நாட்களில், நாம் பகல் முழுவதும் தண்ணீரின்றி இருக்கிறோம். அப்போது கூவி விற்பதைக் குறைத்து, விலையைப் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிடலாம். நோன்பு திறந்தது முதல் ஸஹர் வரை தண்ணீரைப் பகிர்ந்து பருகலாம்.

முக்கியமான ஓர் எச்சரிக்கை. சளியால் கம்மிய குரல் சில நாட்களில் தெளிந்துவிடும். மூன்று வாரமாகியும் தெளியாவிட்டால், “வியாபாரம் முடியட்டும், பார்க்கலாம்” என்று தள்ளாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். விழுங்குவது கடினமானாலோ இரத்தம் வந்தாலோ அதுவரையும் காத்திருக்கலாகாது. குரல்வளைப் புற்றைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். தாமதமே பெரிய பகை.

லுக்மான் அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன அறிவுரைகளில் குரலைத் தாழ்த்திப் பேசுவதும் ஒன்று என்பதை நாம் யாவரும் அறிவோம். தராசைத் துடைத்து வைப்பது போலக் குரலையும் பேணுவோம். அளந்து பேசுவோம், தெளிந்து பேசுவோம்.