திறன் மின்னணுப் பெட்டகங்களில் நீர்மக் குளிர்விப்பு: ஒரு சொல்லாய்வு நோக்கு

முன்னுரை

அறிவியலைத் தமிழில் சொல்ல இயலுமா என்னும் வினா பழைமையானது. இயலும் என்று மேடையில் முழங்குவது எளிது. ஒரு துறையை எடுத்துக்கொண்டு அதன் நுட்பம் குன்றாமல் சொல்லிக் காட்டுவதே உண்மையான விடையாகும். தஞ்சையில் 1981ஆம் ஆண்டு தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியல் களஞ்சியத்தை வெளியிட்டும், ‘யுனெஸ்கோ கூரியர்’ தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக விளங்கிய மணவை முஸ்தபா கலைச்சொல் அகராதிகளைத் தொகுத்தும் அவ்விடையைச் செயலால் தந்தனர். அவ்வழியில், திறன் மின்னணுப் பெட்டகங்களை நீர்மத்தால் குளிர்விக்கும் முறையை ஆராய்ந்து, அதனைச் சுட்டும் சொற்களின் தகுதியையும் எடைபோடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பயின்று மின்நிலையங்களுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பணிக்குச் செல்லும் நம் இளைஞர்க்கு இஃது ஏட்டுச் சிக்கல் அன்று. ஒரு சொல்லைப் பிழைபடப் புரிந்துகொள்வது எந்திரத்தின் அழிவாகவும், சிலபோது உயிர்க்கேடாகவும் முடியக்கூடும்.

வெப்பம் பிறக்கும் இடம்

மின்னோட்டத்தின் வடிவையும் அலைவெண்ணையும் மாற்றுவது திறன் மின்னணுவியல். தைரிஸ்டர், ஐ.ஜி.பி.டி. முதலிய குறைகடத்திச் சாதனங்கள் இப்பணியைச் செய்கின்றன. அவை அமைந்த பெட்டகத்தைத் தொழிலாளர் ‘பேனல்’ என வழங்குவர். எந்த மாற்றியும் தான் பெற்ற மின்திறன் முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ஆயிரம் கிலோவாட் மாற்றி ஒன்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு இழப்பு எனக் கொண்டால், 20 கிலோவாட் வெப்பம் பெட்டகத்துள் ஓயாது பிறக்கிறது. சிலிக்கன் சந்தியின் வெப்பநிலை பெரும்பாலான சாதனங்களில் 150 பாகை செல்சியசைக் கடத்தல் ஆகாது.

இவ்வெப்பத்தைக் காற்றால் நீக்குவதாயின், காற்று 10 பாகை மட்டுமே சூடேற வேண்டும் என்னும் வரம்பில், நொடிக்கு ஏறத்தாழ 1.7 கன மீட்டர் காற்றைச் செலுத்த வேண்டும். அதே பணிக்கு நிமிடத்திற்கு 29 லிட்டர் நீர் போதும். ஒரே கனஅளவில் காற்றைவிட நீர் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை ஏற்பதே காரணம். நம் பகுதி அரிசி ஆலைகளில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் சிறு பேனல்களுக்கு விசிறியே போதுமானது. ஆயினும் தவிட்டுத் தூசு வடிகட்டியை அடைத்துவிட்டால் விசிறியால் பயனில்லை. நீர்மக் குளிர்விப்பில் பெட்டகத்தை மூடியே வைக்கலாம் என்பது மற்றொரு நன்மை.

மடையும் கடைமடையும்

சாதனங்கள் பொருத்தப்பெற்ற உலோகத் தகட்டினுள் நீர் ஓடும். இதனைக் ‘குளிர்தகடு’ எனலாம். தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் அது தொடர் இணைப்பு. மேற்கூறிய கணக்கின்படி, முதல் தகட்டிற்கு 40 பாகை நீர் நுழைந்தால், எல்லாத் தகடுகளையும் கடந்து அது வெளியேறும்போது 50 பாகையை அடையும். இறுதியில் உள்ள சாதனம் சூடான நீரையே பெறும். பக்கம் பக்கமாக இணைத்தால் எல்லாத் தகட்டிற்கும் ஒரே வெப்பநிலையில் நீர் கிடைக்கும். ஆனால் எளிய வழியில் மிகுதியாகவும் கடினமான வழியில் குறைவாகவும் பாயும்.

காவிரி நாட்டார்க்கு இதை விளக்கவும் வேண்டுமோ? கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நீரைப் பகிர்கின்றோம். மதகுகள் செம்மையாக இயங்காவிடில் தலைமடை நிறையும், கடைமடை காயும். பெட்டகத்திலும் அவ்வாறே. நீர் மொத்தமாக எவ்வளவு வருகிறது என்பதைவிட, கடைசித் தகட்டிற்கு எவ்வளவு சேர்கிறது என்பதே வடிவமைப்பாளர் கேட்க வேண்டிய கேள்வி. ஒவ்வொரு தகட்டிற்கும் செல்லும் வழியும் திரும்பும் வழியும் கூட்டுத்தொகையில் சமநீளமாக இருக்கும்படி குழாய் அமைப்பதும், தடுப்பிதழ் வைத்துச் சமன்செய்வதும் இதற்கான வழிகள்.

‘குளிரூட்டல்’ தகுமா?

‘குளிரூட்டல்’ என்னும் சொல் குளிரை ஒரு பொருள்போல ஊட்டுவதாகக் காட்டுகிறது. இயற்பியலில் குளிர் என்று தனிப்பொருள் இல்லை; நிகழ்வது வெப்ப நீக்கமே. எனவே நீரை எவ்வளவு குளிரச் செய்கிறோமோ அவ்வளவு நன்று என எண்ணுதல் கூடாது. 32 பாகை வெப்பமும் நூற்றுக்கு 80 ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை ஏறத்தாழ 28 பாகை. அந்நிலையில் 20 பாகை நீரைச் செலுத்தினால் குழாயும் தகடும் வியர்க்கும். சொட்டும் நீர் மின்னிணைப்பில் விழும். நுழையும் நீர் பனிநிலைக்கு மேற்பட்டிருத்தல் இன்றியமையாதது. ஆதலின் ‘வெப்ப நீக்கம்’ என்பதே பொருட்செறிவுடைய சொல்லாகும். ‘குளிர்விப்பு’ வழக்கு நோக்கி ஏற்கத்தக்கது.

‘தூய நீர்’ எது?

சத்தீசுகரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின் வழி 1,700 கி.மீ.க்கு மேல் நீண்டு வருகிறது. அதன் திறன் 6,000 மெகாவாட். புகளூரிலிருந்து கேரளத்துத் திருச்சூருக்கு 320 கிலோவோல்ட்டில் 2,000 மெகாவாட் செலுத்தும் வழி 2021இல் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. இத்தகைய நிலையங்களின் மாற்றி வால்வுகளில் உயர்மின்னழுத்தத்தில் உள்ள பாகங்களையே நீர் தொட்டுச் செல்கிறது. குடிப்பதற்குத் தூயதான குழாய்நீரில் கரைந்துள்ள உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே அயனிப் பரிமாற்றப் பிசினின் வழியே ஒரு பகுதி நீரை இடையறாது செலுத்தி, கடத்துதிறனைச் சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோசீமனுக்கும் கீழே வைத்திருப்பர். செம்பும் அலுமினியமும் ஒரே நீர்ச்சுற்றில் கலந்தால் மின்வேதி அரிப்பு நேரும் என்பதும் கருதத்தக்கது.

இங்கே ‘தூய நீர்’ என மொழிபெயர்த்தால் பணியாளர் குடிநீரை ஊற்றிவிடலாம். ‘அயனி நீக்கிய நீர்’ என்பதே பாதுகாப்பான சொல். இஸ்லாமியச் சட்ட நூல்கள் இத்தகைய நுண்மையை நெடுங்காலம் முன்பே பேணின. பன்னீர் தூயது, ஆயினும் அதனால் ஒளூ நிறைவேறாது. தான் தூயதாயிருப்பது வேறு, பிறவற்றைத் தூய்மை செய்யத் தகுதியுடையதாயிருப்பது வேறு என்று அவை பிரித்துரைத்தன. எதற்குத் தூயது என்று கேட்காமல் தூய்மையைப் பேச இயலாது.

முடிவுரை

வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளத் தொல்காப்பியம் இடந்தந்தது. எனவே தைரிஸ்டர் தைரிஸ்டராகவே இருப்பதில் இழுக்கில்லை. செயலையும் எச்சரிக்கையையும் குறிக்கும் சொற்களே முதலில் தமிழாக வேண்டியவை: வெப்ப நீக்கம், பனிநிலை, அயனி நீக்கிய நீர், கடைமடைப் பாய்வு. தமிழ் பயிலும் மாணவர் ஒருவரும் தொழிற்கல்வி பயிலும் மாணவர் ஒருவரும் உடனமர்ந்து, ஒரு பொறியின் இயக்கக் கையேட்டிலிருந்து எச்சரிக்கைப் பக்கம் ஒன்றையேனும் தமிழாக்குவார்களாயின், அது பட்டமளிப்பு விழாவில் பேசப்படாமற் போகலாம். பேனலின் கதவைத் திறக்கும் கைக்கு அது காவலாக நிற்கும்.