முதல் மலை கோர்புவாக இருக்க வேண்டாம்

எஸ்.பி.எம். தேர்வு முடித்த பிள்ளைகள் ஐந்தாறு பேர் மலையேறக் கிளம்பினால், முதலில் அடிபடும் பெயர் கோர்பு. தீபகற்ப மலேசியாவில் 7,000 அடியைத் தாண்டிய ஏழு சிகரங்களை ‘ஜி7’ என்று சொல்லி, ஒவ்வொன்றாக ஏறிப் படம் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அவற்றில் 2,183 மீட்டர் உயரமுள்ள கோர்பு ஈப்போவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஈப்போவை அடுத்த லகாட் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆசை வராமல் இருக்குமா? காடே வேண்டாம் என்று தடுக்கும் பெற்றோர் ஒருபுறம், கோர்பு ஏறாதவன் மலையே ஏறவில்லை என்னும் நண்பர்கள் மறுபுறம். தன் காலுக்கு எது பொருந்தும் என்ற கேள்வி நடுவில் காணாமல் போகிறது.

மலையேற்றமே வேண்டாம் என்பவர்களுக்கும் இடமுண்டு: குனோங் லாங் பூங்காவும் கோப்பேங்கின் குவா தெம்புருங்கும் குடும்பத்தோடு போய்வர நல்ல இடங்கள், எல்லாருக்கும் தெரிந்தவை. இருவாச்சியும் ரஃப்ளீசியாவும் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ராயல் பெலும் காடு. அங்கே படகில் போவதுதான் அதிகம், நடை குறைவு.

கோர்பு விஷயத்தில் உயரக் கணக்குத்தான் ஏமாற்றுகிறது. கேமரன் மலையின் ஈராவ் சிகரம் 2,110 மீட்டர்; வித்தியாசம் வெறும் 73 மீட்டர். ஆனால் ஈராவ் பாதை தொடங்கும் இடமே ஏறக்குறைய 2,000 மீட்டரில் இருக்கிறது, அதுவரை வண்டி போகும். கோர்புவுக்கோ உலு கிந்தா அடிவாரத்திலிருந்தே கூடாரம், அரிசி, மாற்றுத்துணி எல்லாவற்றையும் முதுகில் சுமந்து ஏற வேண்டும். வழியில் ஆறு குறுக்கிடும். மேலே மழை கொட்டினால், கீழே வெயில் அடிக்கும்போதே ‘கெப்பாலா ஆயர்’ எனும் திடீர் வெள்ளம் பாய்ந்து வரலாம். பாசிக்காட்டுக்குள் நுழைந்தபின் உறுதியான தரை அரிது: ஈர வேர்மேல் கால் வைத்தால் வழுக்கும், இரு வேர்களுக்கு நடுவே வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். இறங்கும்போதுதான் முட்டி கெஞ்சும்.

கூடவே மலிம் குனோங் (மலை வழிகாட்டி) வருகிறாரே, என்ன பயம் என்பார்கள். அவர் வழியைக் காட்டுவார். ஓய்ந்துபோன காலுக்குப் பதிலாக அவர் நடக்க முடியாது. ஒருவர் சோர்ந்தால் குழு முழுவதும் இருட்டில் மாட்டிக்கொள்ளும்.

நான் சாய்வது கிளேடாங் பக்கம். மெங்லெம்புவிலிருந்து ஏறும் இந்த 808 மீட்டர் மலையின் உச்சிவரை தார்ச்சாலை, உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள். இதுவா காடு என்று கேட்பது நியாயம்தான். ஆனால் சாலையைவிட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் அதே அட்டை, அதே வழுக்கல், அதே மரங்கள். லகாட்டிலிருந்து வாராவாரம் போகலாம், முடியாவிட்டால் பாதியில் திரும்பலாம். மலைநடை கைவருவது அப்படித்தான்: எத்தனை மிடறு தண்ணீர் வேண்டும், எந்தக் காலணி கடிக்கும், எப்போது மூச்சு வாங்கும் என்பதை உடம்பு மெல்லத்தான் சொல்லும். ஒருவருக்கு ஆறு மாதம், இன்னொருவருக்கு இரண்டு வருடம் ஆகலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முழுச்சுமையோடு அடுத்தடுத்து இரண்டு நாள் கிளேடாங் ஏறி இறங்கி, மூன்றாம் நாள் மாடிப்படியில் முட்டி வலிக்காமல் இறங்க முடிந்தால், கோர்பு பெர்மிட்டுக்கு வன இலாகாவை அணுகலாம்.